வாடகைக்கு விட நாலு வீடு: கார்பனைக் குறைத்துக் கட்டுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரைப் புறநகரில் 40க்கு 60 அடி மனை, ஏறத்தாழ ஐந்தரை சென்ட். தெரு கிழக்கில். நாலடி தோண்டினால் கெட்டியான செம்மண் சரளை. கீழே இரண்டு, மேலே இரண்டு என நாலு வீடு, ஒவ்வொன்றும் 650 சதுர அடி, நாலும் வாடகைக்கு. கார்பன் (கரியமில வாயு வெளியீடு) குறைவாகக் கட்ட வேண்டும், குடியிருப்பவர்களுக்கும் வெக்கையும் கரண்ட் பில்லும் குறைய வேண்டும், இருக்கிற பணத்தை எதில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொந்தக் குடியிருப்புக்குச் சொல்லும் யோசனைகள் பாதி இங்கே பொருந்தாது. கட்டும் செலவு உங்களுடையது, மின் கட்டணம் குடிவருபவருடையது. குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் தினமும் கவனித்து, திறந்து, மூடி, சுத்தம் செய்து இயக்க வேண்டிய எந்த ஏற்பாடும் இரண்டாவது குடித்தனக்காரர் காலத்தில் நின்றுபோகும். அதனால் முதல் பணம் யாரும் கழற்றவோ மாற்றவோ முடியாதவற்றுக்குப் போகட்டும்: அமைப்பு, சுவர், கூரை, ஜன்னல், குழாய். கருவிகள் அதற்குப் பிறகு.

ஏன் அமைப்பை முதலில் சொல்கிறேன் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. படிக்கட்டையும் சேர்த்து 2,800 சதுர அடி வரும். வழக்கமான காலம் (தூண்), பீம் (உத்திரம்) கட்டடமாகப் போட்டால் சதுர அடிக்கு 0.4 மூட்டை வீதம் 1,100 மூட்டை சிமெண்ட், சதுர அடிக்கு 3.5 முதல் 4 கிலோ வீதம் 10 டன்னுக்கு மேல் கம்பி, 45,000 செங்கல் ஆகும். ஓ.பி.சி. என்ற சாதாரணச் சிமெண்ட் மூட்டைக்கு 40 கிலோவுக்கு மேல் கரியமில வாயு, கம்பி கிலோவுக்கு இரண்டு கிலோவுக்கு மேல், சூளைச் செங்கல் ஒன்றுக்கு அரைக் கிலோ அளவில் என்று வைத்துக்கொண்டால், டைல்ஸ், ஜல்லி, லாரி எல்லாம் சேர்ந்து மொத்தம் 100 டன்னைத் தொடும். நாலு வீடும் மாதம் 200 யூனிட் எரித்தால் ஆண்டுக்கு 9,600 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்றால் ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதாவது முதல் நாள் சாவி கொடுக்கும்போதே 15 ஆண்டு மின்சாரத்துக்கான கார்பன் செலவாகியிருக்கும். காற்றாலையும் சூரிய ஒளியும் கூடக்கூட மின்சாரத்தின் பங்கு குறையும். கான்கிரீட்டில் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முதல் முடிவு: ஸ்டில்ட் பார்க்கிங் வேண்டாம். கீழ்த்தளத்தைத் தூக்கி வண்டி நிறுத்த இடம் விட்டால், அந்த நிமிடமே காலம், பீம் கட்டடம்தான் என்றாகிவிடும். கீழே சுவர் இல்லாததால் காலம் தடிக்கும், பீம் ஆழமாகும், ஃபூட்டிங் (தூணின் அடித்தளம்) பெரிதாகும். 650 சதுர அடி வீட்டுக்கு வருபவர்களிடம் பெரும்பாலும் இரு சக்கர வண்டிதான் இருக்கும். முன்பக்க, பக்கவாட்டு இடைவெளியில் எட்டு வண்டி நிற்கும். உங்கள் உள்ளாட்சி இந்த அளவு வீட்டுக்கு எவ்வளவு நிறுத்துமிடம் கேட்கிறது என்பதை, பிளான் போடும் என்ஜினியரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். மற்ற எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

ஸ்டில்ட் இல்லையென்றால், தரைத்தளமும் மாடியும் மட்டும் உள்ள கட்டடத்துக்குச் சுவரே பாரம் தாங்கட்டும். மண் கெட்டி, மதுரையில் நிலநடுக்க ஆபத்து குறைவு, அறை நீளம் 12 அடிக்குள் என்பதால் இது தாராளமாக நடக்கும். காலம் போட்டு, அதற்கு நடுவில் செங்கலையும் அடைத்து, ஒரே வேலைக்கு இரண்டு அமைப்புக்குச் செலவு செய்வதுதான் இன்றைய வழக்கம். சுவர் தாங்கும் கட்டடத்தில் கம்பி ஏறத்தாழ பாதியாகக் குறையும், சிமெண்டும் கணிசமாகக் குறையும். ஆனால் சில விதிகளை மீறக் கூடாது. மாடிச் சுவர் கீழ்ச் சுவரின் மேலேயே நேராக வர வேண்டும். ஜன்னல் ஜன்னலுக்கு மேல் வர வேண்டும். மூலையிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளித்தான் வாசல், ஜன்னல் திறக்க வேண்டும். பேஸ்மென்ட் மட்டத்திலும் லிண்டல் (வாசல், ஜன்னல் தலைக்கு மேல் வரும் பட்டை) மட்டத்திலும் கட்டடத்தைச் சுற்றி அறுந்துபோகாமல் கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும். கணக்கை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் போட வேண்டும், மேஸ்திரி அனுபவத்தில் போடுவது போதாது. பிறகு மூன்றாவது தளம் எழுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இந்த முறை அதற்கு ஒத்துவராது.

சில என்ஜினியர்கள் “இதெல்லாம் பழைய காலம், வங்கிக் கடன் கிடைக்காது” என்பார்கள். கட்டட அனுமதியும் ஸ்ட்ரக்சுரல் சான்றும் முறையாக இருக்கிறதா என்பதைத்தான் வங்கி மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பார். உங்கள் வங்கியிடம் வரைபடம் முடியும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சுவருக்கு என் பரிந்துரை ரேட் டிராப் (எலிப்பொறி) கட்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்புவது. செங்கல் கால் பங்கு மிச்சம், கலவை மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம், நடுவில் இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். உங்கள் வெளிச்சுவர் வாசல், ஜன்னல் போக 2,400 சதுர அடி வரும். சாதாரணக் கட்டில் 22,000 முதல் 24,000 செங்கல். இதில் ஆறாயிரம் அளவுக்குக் குறையும்.

இது கெடுவது எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள். விளிம்பில் நிற்கும் செங்கல் ஒரே அளவில் இல்லாவிட்டால் சுவர் அலை அலையாக வரும், அதைச் சரிசெய்யப் பூச்சு கனமாகி மிச்சம் பிடித்த சிமெண்ட் அங்கே போய்விடும். நாட்டுச் செங்கலில் இந்தத் தொல்லை அதிகம். மெஷினில் அறுத்த சேம்பர் செங்கல் எடுங்கள். லாரியிலிருந்து பத்துக் கல்லை எடுத்து நீளவாக்கில் வரிசையாக வைத்து அளந்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்து நசுக்கு வலிமை பாருங்கள், சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. பேஸ்மென்ட்டுக்கு மேல் முதல் வரிசை, லிண்டலுக்கும் கூரைக்கும் கீழ் வரிசை, ஜன்னல் ஓரம், மூலை ஆகியவை வெற்றிடம் இல்லாமல் முழுக்கட்டாக வர வேண்டும். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் காம்பவுண்டு சுவரில் பத்தடி கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு வீட்டில் இறக்குங்கள். கலவை வெற்றிடத்தில் விழுந்து அடைக்காமல் இருக்க ஒரு மரப்பட்டையை உள்ளே வைத்து, வரிசை முடிந்ததும் தூக்கிவிட்டால் போதும்.

வயர் பைப்பை இந்த வெற்றிடத்திலேயே இறக்கிவிடலாம். சுவர் முடிந்தபின் கட்டிங் மெஷினில் கீறுவது ரேட் டிராப் சுவரைக் கெடுக்கும். அதனால் சுவிட்ச் பாக்ஸ் எங்கே என்பது கட்டும் முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும். வாடகைக்காரர் ஆணி அடிப்பார் என்பதையும் மறக்காதீர்கள். சாமி படம், காலண்டர், டிவி, கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆணி வேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஏழடி உயரத்தில் ஒரு மரச்சட்டத்தைச் சுவரோடு பதித்துவிட்டால் ஆணி அதில் இறங்கும், சுவர் பிழைக்கும்.

ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல், ஏ.ஏ.சி. (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட்) பிளாக் ஆகியவையும் கேட்பீர்கள். ஏ.ஏ.சி. எடை குறைவு, வெப்பம் தடுப்பதில் நல்லது, ஆனால் பாரம் தாங்கும் சுவருக்கு எடுக்க வேண்டாம். காலம் கட்டடமாகவே போக நேர்ந்தால் அதுதான் சரி. தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த கல் உங்கள் பக்கம் கிடைக்கும், சூளை எரிப்பு இல்லை என்பது அதன் பலம். தண்ணீர் சரியாகக் காட்டாத கல் ஓரம் உதிரும். இரண்டு கல்லை மோதிப் பார்த்தால் வரும் ஓசையும், ஒரு கல்லை நாலடி உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பதும் எளிய சோதனை. பிறகு ஆய்வகம்.

சிமெண்ட் விஷயம் சுலபம்: எல்லா வேலைக்கும் பி.பி.சி., அதாவது ஃப்ளை ஆஷ் கலந்த சிமெண்ட். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கும். மூட்டைக்கு 30 கிலோ அளவில்தான் கரியமில வாயு. 1,100 மூட்டையில் இந்த ஒரு மாற்றமே பத்து டன்னுக்கு மேல் குறைக்கும், விலையும் கூடாது. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை பொறுமை. பி.பி.சி. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இறுகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, பி.பி.சி.க்குப் பத்து நாள் தண்ணீர் கேட்கிறது, வறண்ட வெயில் காலத்தில் 14 நாள். கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டுக்கு நாள் வாடகை ஓடுவதால் ஒப்பந்ததாரர் ஏழாம் நாளே முட்டைக் கழற்றப் பார்ப்பார். 14 நாள் முட்டு நிற்க வேண்டும், அதற்கான ஷீட் வாடகை ஒப்பந்தத் தொகைக்குள் என்று எழுதி வாங்குங்கள். எம் சாண்டில் (கல்லை அரைத்த மணல்) தூசி அதிகமிருந்தால் கலவைக்குத் தண்ணீர் அதிகம் கேட்கும், பிறகு அதைச் சரிக்கட்ட ஒரு மூட்டை சிமெண்டைக் கூடுதலாகக் கொட்டுவார்கள். இறங்கும் லோடிலேயே பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான் வழி.

இரண்டு தளக் கூரைக்கும் ஃபில்லர் ஸ்லாப் போடலாம். கூரையின் அடிப்பகுதிக் கான்கிரீட் பெரிதாக வேலை செய்வதில்லை. கம்பிகளுக்கு நடுவே அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓட்டைக் கவிழ்த்து ஒன்றோடொன்று வைத்தால் கான்கிரீட் 15 முதல் 25 சதவீதம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று வெக்கையையும் தணிக்கும். ஓட்டை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். குளியலறைக்கு மேலே ஃபில்லர் வேண்டாம். இன்னொன்று வாடகை வீட்டுக்கே உரியது: ஃபேன் கொக்கியோடு தொட்டில் கொக்கியும் ஹாலிலும் படுக்கையறையிலும் கான்கிரீட் போடும்போதே, ஓடு இல்லாத பட்டையில், கம்பியோடு கட்டி வைத்துவிட வேண்டும். கைக்குழந்தையோடு வரும் குடும்பம் தொட்டில் கட்ட இடம் தேடும். கொக்கி இல்லாவிட்டால் டிரில் போடுவார்கள், அது ஓட்டில் இறங்கும். கான்கிரீட் கொட்டும் முன் ஓடு, கம்பி, பைப் எங்கெங்கே என்று அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

இனி மொட்டை மாடி. நாலு வீட்டில் மேல் இரண்டுக்குத்தான் வாடகை குறைத்துக் கேட்பார்கள், அடிக்கடி காலியாவதும் அவைதான். காரணம் வெயிலில் காயும் அந்த ஐந்து அங்குல ஸ்லாப். உச்சி வெயிலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்கு உள்ளே இறக்கும். வெறும் கான்கிரீட் ஸ்லாப்பின் யு மதிப்பு 3.5 அளவில் இருக்கும். யு மதிப்பு என்பது ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் வெப்பம் நுழைகிறது என்ற அளவு. வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு, 2018 ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புக் கூரைக்கு 1.2 என்ற உச்சவரம்பு வைத்தது. அந்த விதி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்குத்தான் என்றாலும், எண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரின் பழைய வெதரிங் கோர்ஸ், அதாவது செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் 32க்கு 12.5 என்ற விகிதத்தில் கலந்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது, இன்றும் நல்ல வேலைதான். சுண்ணாம்பு கலந்ததால் சிறு அசைவுகளுக்கு விரிசல் விடாது. ஆனால் நாலு அங்குலம் போட்டாலும் யு மதிப்பு 2.4 அளவுக்குத்தான் இறங்கும். தவிர, நாள்கணக்கில் அடித்து இறுக்க இன்று ஆள் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள், அது இரண்டாம் கோடையில் வெடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைத்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்லும் வரிசை இது: ஸ்லாப், அதன் மேல் வாட்டர் புரூஃபிங், 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதனை, 40 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். பலகை (வெப்பம் தடுக்கும் பிளாஸ்டிக் நுரைப் பலகை), பிரிக்கும் துணி, வாட்டம் கொடுத்த மெல்லிய கான்கிரீட், வெள்ளைக் கூலிங் டைல். இதில் யு மதிப்பு 0.6 அளவுக்கு வந்துவிடும். பலகை வாட்டர் புரூஃபிங்குக்கு மேலே இருப்பதால் அந்தப் பூச்சும் வெயில் படாமல் நீண்ட நாள் நிற்கும். எக்ஸ்.பி.எஸ். எண்ணெயில் பிறந்த பொருள் என்பது உண்மைதான். ஆனால் ஏ.சி. தேவையையே குறைக்கும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கிறேன்.

பணம் நெருக்கினால் பலகையை விட்டுவிட்டு வெள்ளை டைல் மட்டுமாவது போடுங்கள். அழுக்குப் படிந்த வெள்ளை டைல் வெயிலைத் திருப்பாது, ஆண்டுக்கு இரண்டு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தப் பொறுப்பு உங்களுடையது, குடியிருப்பவர் தலையில் கட்ட வேண்டாம்.

உங்கள் மனையில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. கிழக்கு மேற்காக நீளம் என்பதால் கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும். மதுரை அட்சரேகை பத்து டிகிரிக்குச் சற்றுக் கீழே. கோடையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து 76 டிகிரி உயரத்தில், மார்கழியில் தெற்கே 57 டிகிரி உயரத்தில் இருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் இரண்டடி சன்ஷேடு போட்டால் உச்சிப்பொழுது வெயில் பெரும்பாலும் நின்றுவிடும். நாலு அடி ஜன்னலுக்கு வடக்கில் ஓரடியே போதும், ஆனால் சாரலுக்காக இரண்டடி வைத்துக்கொள்ளலாம். மேற்கில் சன்ஷேடு உதவாது, சாயங்கால வெயில் நேராக நுழையும். ஒவ்வொரு தளத்தையும் முன்வீடு, பின்வீடு என்று கிழக்கு மேற்காகப் பிரியுங்கள். இரண்டுக்கும் மூன்று பக்கம் திறப்பு கிடைக்கும், காற்று வடக்கு தெற்காகக் குறுக்கே ஓடும். பின்வீட்டின் மேற்குச் சுவரில் துணி துவைக்கும் இடமும் பதித்த அலமாரிகளும் வரட்டும். ஆடிக்காற்று அந்தப் பக்கத்திலிருந்து வருவதால் முழுக்க அடைக்க வேண்டாம், லிண்டலுக்கு மேல் அகலம் குறைந்த வென்டிலேட்டர்கள் போதும். மேற்குச் சுவருக்கு வெளியே உள்ள ஐந்தடி இடைவெளியில் முருங்கை நட்டால் ஒரே ஆண்டில் சுவருக்கு நிழல் விழும், நாலு வீட்டுக்கும் கீரையும் காயும் மிச்சம்.

ஜன்னலில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே சம்ஹிதா, மதுரை போன்ற வெப்ப ஈரக் காலநிலைக்கு, தரைப்பரப்பில் 16.66 சதவீதம் திறக்கக்கூடிய பரப்பு கேட்டது. 540 சதுர அடி உள்பரப்புக்கு 90 சதுர அடி. ஸ்லைடிங் ஜன்னல் 4க்கு 4 போட்டால் 16 சதுர அடி கணக்கில் வரும், திறப்பது எட்டுதான். கதவுபோல் வெளியே திறக்கும் ஜன்னல் போட்டால் ஏறத்தாழ முழுவதும் திறக்கும், விலையும் பெரிதாகக் கூடாது. கொசுவலை கட்டாயம் உள்பக்கம் தனிச் சட்டத்தில் இருக்க வேண்டும். வலை இல்லாத வீட்டில் மாலை ஆறு மணிக்கு ஜன்னல் எல்லாம் அடைபடும், காலை வரை திறக்காது. நீங்கள் திட்டமிட்ட காற்றோட்டம் தேவைப்படும் நேரமே அந்த நேரம்தான். வலை காற்றைத் தடுக்கும் என்பதால் பரப்பைக் கணக்குக்குச் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள்.

ஃபேனைக் குடிவருபவர் கொண்டுவரட்டும் என்று கொக்கியோடு விடும் வழக்கத்தை மாற்றுங்கள். அவர் கொண்டுவருவது 75 வாட் ஃபேன். நீங்கள் மாட்டும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) ஃபேன் 30 வாட் சுற்றி. தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 16 யூனிட், மூன்றுக்கு 48 யூனிட் குறையும். இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 100 யூனிட். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் சேர்ந்து ஏறும் என்பதால், கோடையில் இந்த 100 யூனிட் பெரிய தொகை. ரிமோட்டில் மட்டும் இயங்கும் மாடலை வாங்க வேண்டாம், ரிமோட் வீடு மாறும்போது காணாமல் போகும். சுவர் சுவிட்சிலேயே வேகம் மாறும் மாடல்கள் இருக்கின்றன.

ஏ.சி.யைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கவலைப்பட வேண்டியது அது கழற்றி மாட்டப்படும் விதம். குடும்பம் காலி செய்யும்போது, கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டாமல் அவசரத்தில் பைப்பைக் கழற்றினால் மொத்தமும் வெளியே போகும். ஒரு டன் ஏ.சி.யில் அரைக் கிலோவுக்கு மேல் ஆர்-32 என்ற குளிரூட்டும் வாயு இருக்கும். அந்த வாயு கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஒருமுறை வெளியேறினால் ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் எரித்ததற்குச் சமம். பழைய ஆர்-410ஏ என்றால் 2,088 மடங்கு. நாலு வீட்டிலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடந்தால், ஆர்-32 என்றாலே ஃபேனில் மிச்சம் பிடித்ததில் கால் பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். அதனால் ஒரு படுக்கையறைக்கு நீங்களே ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏ.சி. மாட்டி, வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டாலும் செம்புக் குழாய்க்கு வழி, வடக்குச் சுவரில் நிழலில் அவுட்டோர் யூனிட்டுக்கு ஒரு மேடை, தண்ணீர் வடிகாலுக்குப் பைப், தனி வயர் நான்கும் கட்டும்போதே இருக்கட்டும். அந்த அறையின் ஜன்னலுக்கு ரப்பர் பட்டை வைத்துக் காற்று கசியாமல் மூட வேண்டும்.

குளியலறை, வாடகை வீட்டில் எப்போதும் உடைத்துக் கட்டப்படும் இடம். ஓரடி, ஒன்றரை அடி பள்ளமாக ஸ்லாப் போட்டு, குழாயைப் படுக்க வைத்து, உடைந்த செங்கலால் நிரப்பி மூடுவது வழக்கம். எங்காவது ஒரு ஜாயின்ட் கசிந்தால் அந்த நிரவல் முழுக்க நீர் தேங்கி, கீழ் வீட்டின் கூரையில் தெரியும்போது எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். புது டைல், புதுச் சிமெண்ட், ஒரு மாத வாடகை நஷ்டம். மாற்றாக, நாலு அங்குலப் பள்ளம் மட்டும் விட்டு, மாடிக் குளியலறைக் குழாய்களைக் கீழ்க் குளியலறையின் கூரைக்கு அடியில் தொங்கவிட்டு, கழற்றக்கூடிய பலகையால் மறைத்துவிடுங்கள். முன்வீட்டுக் குளியலறையும் பின்வீட்டுக் குளியலறையும் நடுவில் முதுகோடு முதுகாக வந்தால், வானம் பார்த்த ஒரே ஷாஃப்டில் எல்லா இறக்குக் குழாயும் அடங்கும். ஷாஃப்ட் ஒரு ஆள் நின்று ஸ்பேனர் திருப்பும் அகலத்தில் இருக்க வேண்டும், மூன்றடிக்குக் குறைந்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

முடிப்பு வேலைகளில் சில வரிகள் போதும். பரணுக்கும் அலமாரித் தட்டுக்கும் கான்கிரீட் வேண்டாம், கடப்பா கல் போதும். ஆத்தங்குடி டைல் சூளையில் வேகாதது, பக்கத்திலேயே கிடைப்பது, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அழகு. சமையலறையில் போட வேண்டாம், எண்ணெயும் மஞ்சளும் கறையாக இறங்கும், வீடு மாறும்போது அதைச் சொல்லி அட்வான்ஸில் சண்டை வரும். கதவு நிலைக்கு வேம்பு, வாகை அல்லது பழைய வீடு இடித்த தேக்கு. வெளிப்பூச்சைத் தவிர்த்து செங்கலை அப்படியே விடுவதென்றால் சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் பூசிவிடுங்கள்.

சோலாரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நல்ல கூரையும் நல்ல ஃபேனும் உள்ள சிறிய வீடு குளிர்காலத்தில் 250 யூனிட்டைத் தாண்டாது. சோலார் மின்சாரத்தை பில்லில் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் ஒரு இணைப்போடுதான் சேரும், நாலு வீட்டுக்கும் பிரிந்து போகாது. 2024இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரே உரிமையாளர் பெயரில் உள்ள எத்தனை இணைப்புக்குப் பொருந்தும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். இன்று செய்ய வேண்டியது, மொட்டை மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை வீட்டுக்கு ஒன்றாக நாலு வயர் பைப், எர்த் குழிக்கு இடம், மீட்டர் போர்டில் கூடுதல் அகலம். பின்னால் பேனல் போடும்போது எட்டடி உயரச் சட்டத்தில், பத்து டிகிரி தெற்குச் சாய்வாகப் போட்டால், அடியில் துணியும் வத்தலும் காயப்போட இடம் குறையாது. மேல் வீட்டுக் கூரைக்கும் நிழல். அந்தச் சட்டத்தின் கால்கள் எக்ஸ்.பி.எஸ். பலகையைத் துளைக்கக் கூடாது. கூரை போடும்போதே சுவர்களுக்கு மேல் ஆறு இடத்தில் கான்கிரீட் பீடம் எழுப்பி வைத்துவிடுங்கள்.

மழைநீர்: 1,350 சதுர அடி மாடியில், ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் 85,000 லிட்டர் பிடிக்கலாம். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் ஒரு குழியைக் காட்டிவிட்டுப் போவார்கள். அதை வடிகட்டித் தொட்டியோடு சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டி) இணைத்து, நிறைந்த பிறகு போருக்கு (ஆழ்துளைக் கிணறு) விடுங்கள். குடிநீர்க் குழாயை ஒவ்வொரு வீட்டுக்கும் மாடித் தொட்டியிலிருந்தே தனியாக இறக்கினால் வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வைக்கலாம், மோட்டார் ஓடும் நேரம் குறையும்.

ஒப்பந்தக்காரரிடம் சதுர அடி ரேட்டில் பேசினால் இதில் பாதி நடக்காது. அந்த ரேட்டில் காலம், பீம், சாதாரணக் கட்டு, ஸ்லைடிங் ஜன்னல் என்று ஏற்கெனவே அவர் மனக்கணக்கு இருக்கும். பொருள் உங்களுடையது, கூலி மட்டும் அவருடையது என்று பிரித்து, ரேட் டிராப் சுவருக்கும் ஃபில்லர் ஸ்லாப்புக்கும் தனித்தனிக் கூலி பேசுங்கள். கொத்துக் கூலி சற்றுக் கூடும், செங்கலிலும் சிமெண்டிலும் கம்பியிலும் மிச்சம் வரும். அந்த மிச்சத்தை வேறு எதற்கும் திருப்பாமல் கூரைப் பலகைக்கும் கொசுவலை ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.